பர்மா பார்த்த வண்டி

காரவள்ளியில் செல்லமுத்து செய்த வியாபாரம் என்னவென்றால், சும்மா உட்கார்ந்திருப்பது. கொல்லிமலையிலிருந்து இறங்குகிற பாதை அவனுடைய கொட்டகை வாசலில் வந்துதான் முடியும். விடிகிற நேரத்தில் பலாப்பழத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட மலைக்காரர்கள், கழுத்து தோளுக்குள் இறங்கிப்போய், முழங்கால் வெடவெடக்க அங்கே வந்து சேரும்போது அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், விலை அல்ல. செல்லமுத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பான். குடித்து முடித்ததும் தோளில் கிடக்கிற துண்டை உதறித் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, "வாங்க, கையக் குடுங்க" என்பான். துண்டுக்குள் கையை விட வேண்டும். உள்ளே அவன் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அதுதான் விலை. மாட்டுச் சந்தையில் நடக்கிற முறைதான். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வாயைத் திறக்க வேண்டியதும் இல்லை. கட்டாது என்றால் பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். அப்படி ஏறிய மனிதனைச் செல்லமுத்து பார்த்ததில்லை. பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துதான் அந்த இடத்தில் கொட்டகை போட்டான்.

இந்த அநியாயத்தைக் கண்டு சேந்தமங்கலத்து மண்டிக்காரன் அர்த்தனாரிக்குக் கோபம் வந்தது. மலைக்காரர்களுக்காக வந்த கோபம் என்று பிற்பாடு அவன் சொல்லிக்கொண்டான். உண்மையில், அதே பழத்தை மண்டிக்கு அனுப்பும்போது செல்லமுத்து வைத்த விலைதான் கோபத்தின் தாய்வீடு. வியாபாரிக்கு வருகிற தர்மகோபம் பெரும்பாலும் இந்தத் தெரு வழியாகத்தான் வரும். வந்து சேர்ந்த பிறகு நிஜக் கோபம் போலவே சுடும். அதனால் குறை சொல்வதற்கில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்கு வேண்டாத வண்டிகளை சர்க்கார் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. ஏலத்தில் எடுத்தவற்றைச் சேலத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் நிறுத்தி விற்றான் ராசு. யுத்தத்துக்கு முன்னால் அவன் மாட்டுத் தரகன். மாட்டுக்குச் சொன்ன பொய்களில் பாதியை அப்படியே வண்டிக்கும் சொல்லலாம் என்று கண்டுபிடித்து முன்னுக்கு வந்தவன்.

அர்த்தனாரி ஒரு சின்ன லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிக்கப் என்றான் ராசு. பச்சை வர்ணம், கான்வாஸ் கூரை, கதவில் பாதி அழிந்த வெள்ளை எண்கள். அர்த்தனாரி கீழே குனிந்து வயிற்றைப் பார்த்தான். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் டயரைத் தட்டிப் பார்த்தான்.

"பர்மா பாத்த வண்டிங்க இது," என்றான் ராசு.

"போகையில பாத்ததா, ஓடியாரையில பாத்ததா?"

"ரெண்டுந்தானுங்க. முன்னாலயும் ஓடும், பின்னாலயும் ஓடும்னு அதுக்குத்தானே சொல்றேன்."

"சுழி சுத்தமா?"

"வண்டிக்கு ஏதுங்க சுழி? அது மாட்டுக்குப் பாக்கறது."

"வண்டிக்கு இல்லப்பா. விக்கறவனுக்குக் கேட்டேன்."

கூட வந்த மாணிக்கம் வண்டியை எடுத்துப் பொட்டலை இரண்டு சுற்று சுற்றிவந்தான். மாணிக்கம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன்; அர்த்தனாரி அவனைத்தான் டிரைவராக வைத்துக்கொள்வதாக இருந்தான். "இஞ்சின் சத்தம் நல்லா இருக்குதுங்க," என்று இறங்கினான்.

துண்டு விழுந்தது. உள்ளே விரல்கள் பேசின. அர்த்தனாரி அநியாயத்துக்குக் குறைத்து ஒரு விரலை மடக்கினான். ராசு சிரித்துக்கொண்டே சரி என்று கையை அழுத்திவிட்டான். அங்கேதான் வினை. எதிராளி அழுதுகொண்டே ஒத்துக்கொண்டால் வியாபாரிக்குத் தூக்கம் வரும். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. சேலத்திலிருந்து சேந்தமங்கலம் வரைக்கும் வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை, தும்மவில்லை. ஆனாலும் அர்த்தனாரி வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டே வந்தான், எங்கே ஏமாந்தோம் என்று.

பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கூப்பனுக்கு மேல் வேண்டுமென்றால் கள்ளத்தில் வாங்க வேண்டும். ஆகவே வண்டி வந்த அன்றைக்கே அர்த்தனாரி மண்டி வழக்கத்தைக் கையிலெடுத்தான். நெய் ஜாடியோ தேன் குடமோ, வண்டிக்காரன் கையில் ஒப்படைக்கிற எதற்கும் அவர்கள் மண்டியில் வாய்க்கட்டு போடுவார்கள். மூடியின் மேல் துணியைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கி, அரக்கை உருக்கி ஊற்றி, அது இறுகுமுன் மண்டி முத்திரையைக் குத்திவிடுவார்கள். வழியில் எவனும் விரலை விட்டு நக்க முடியாது. பெட்ரோல் டாங்கி டிரைவர் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதன் மூடிக்கும் அதே மரியாதை. அரக்கு கொஞ்சம் தாராளமாகவே வழிந்தது.

மாணிக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "எதுக்குங்க இது?"

"உனக்குத்தான் நல்லது. நாளப்பின்ன யாரும் உன்னையத் திருடன்னு சொல்ல முடியாது பாரு."

"இப்பத்தான் சொல்லிப்போட்டீங்களே," என்றான் மாணிக்கம்.

மறுநாள் அர்த்தனாரி மலையேறினான். மலைக்கு ரோடு கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லுக்குக் கல் சாபம் விட்டுக்கொண்டு, சென்றாயன் என்ற மலைக்காரன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். பலாமரத்தடியில் ஊரே கூடியது. சென்றாயனும் அவன் பெண்டாட்டி பாப்பாத்தியும் முன்னால் நின்றார்கள். அந்த ஊரில் நல்ல மரங்கள் அவர்களுடையவை. அவர்கள் பழம் இறக்கினால்தான் மற்றவர்களும் இறக்குவார்கள்.

"பழத்தைக் காரவள்ளிக்கு எறக்குங்க. அங்க என் வண்டி நிக்கும். நாமக்கல் சந்தைக்கு நேரா போகும். உங்க பழத்தை நீங்களே நின்னு வில்லுங்க. எனக்கு வண்டி வாடகை குடுத்தாப் போதும்."

"வண்டி இங்க வராதுங்களா?" என்று கேட்டாள் பாப்பாத்தி.

"ரோடு போட்டா வரும்."

"ரோடு எப்ப வரும்?"

"வெள்ளக்காரன் போன பின்னால."

"அவன் எப்பப் போவான்?"

"எனக்கென்ன சொல்லிப்போட்டா போவான்? அம்மிணி, வண்டியப் பத்திக் கேளு."

சென்றாயன் கொஞ்சம் தயங்கினான். "செட்டியாரே, உப்பு, சீமெண்ணெய், துணி எல்லாம் நாங்க செல்லமுத்துகிட்டதானுங்க வாங்கறோம். அவனுக்கு ஒருக்கா முதுகைக் காட்டுனா மறுக்கா மூஞ்சியக் காட்ட முடியாது. உங்க வண்டி கால வாரிருச்சுன்னா அவன் கால்லதான் போயி விழோணும்."

"மூஞ்சியக் காட்டுனா மட்டும் என்ன குடுத்துட்டான்?" என்றாள் பாப்பாத்தி. "ஒரு சொம்புத் தண்ணி. அதும் நம்ம மலையில இருந்து எறங்கற தண்ணி." பிறகு அர்த்தனாரியை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டி நின்னு போச்சுன்னா?"

"பர்மா பாத்த வண்டி. நிக்காது."

முதல் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மாலையே அர்த்தனாரி தன் கையால் முத்திரையை உடைத்து, பெட்ரோல் ஊற்றி, மறுபடியும் அரக்கு வைத்தான். காலையில் வெறும் வண்டி காரவள்ளிக்குப் புறப்பட்டது. பாதி தூரம் போனதும் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் இருமியது, தும்மியது, நின்றது. மாணிக்கம் இறங்கி முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். கை ஓய்ந்துபோய், ஒரு பீடி பற்றவைத்து முடித்து மறுபடி சுற்றினான். கிளம்பிவிட்டது.

"என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

அதுதான் கொடுமை. அந்த வண்டி எதுவும் செய்யாமலே நிற்கும். எதுவும் செய்யாமலே கிளம்பும். காரவள்ளியில் மலைக்காரர்கள் செல்லமுத்து கொட்டகையைத் தாண்டி வந்து பழத்தை வண்டியில் அடுக்கினார்கள். செல்லமுத்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தான். ஏற்றிய வண்டி அதே புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. கிளம்பியது. சேந்தமங்கலம் எல்லையில் நின்றது. அங்கே நின்றது வெயில் ஏறும்வரை நகரவில்லை. அர்த்தனாரி மாணிக்கத்தைப் பார்த்துக் கத்தினான்.

"பட்டாளத்துல என்னடா கத்துக்கிட்டே?"

"பட்டாளத்துல ஓட்டறவன் வேற, ரிப்பேர் பாக்கறவன் வேறங்க. நான் ஓட்டறவன்." மாணிக்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "இஞ்சினுக்குப் பெட்ரோல் வந்து சேரலீங்கறது மட்டும் தெரியுது. டாங்கி மூடியத் தொறந்து ஒருக்காப் பாத்துரலாமுங்க."

அர்த்தனாரி பெட்ரோல் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்தான். முள் பாதிக்கு மேலே நின்றது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. பிறகு எதற்கு மூடியைத் திறப்பது? திறப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவனுக்குத் தெரியும்.

"ஏன், ஊட்டுக்கு ரெண்டு புட்டி புடிச்சுக்கிட்டுப் போகோணுமா?"

மாணிக்கம் ஹேண்டிலைத் தரையில் போட்டான். "இனி அந்த மூடியப் பத்தி நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளுங்க," என்றான். சொன்னபடியே நடந்துகொண்டான்.

நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. வெயிலில் பழம் வெடித்து, சுளை பிதுங்கி, ஈ மொய்த்தது. பாப்பாத்தி அதில் பாதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். பிசுபிசுத்த கையை அர்த்தனாரியின் வண்டிக் கதவில் துடைத்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் ஒரு மெக்கானிக் வந்தான். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவன் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுத்தான். பிளக்குதான் கோளாறு என்றான், மாற்றினார்கள். காயில் என்றான், மாற்றினார்கள். கார்புரேட்டரைப் பிரித்துத் துண்டில் பரப்பி ஊதினான். பைப்பில் வாயை வைத்து ஊதினான். ஊர்த் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான்; குதிரை மாதிரி ஓடியது. "இனி தில்லிக்கே போலாமுங்க," என்று கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டாவது சனிக்கிழமை வண்டி தில்லிக்குப் போகவில்லை. அதே புளியமரத்தடிக்குத்தான் போனது. பழத்தோடு திரும்பும்போது இன்னும் கொஞ்சம் மரியாதை குறைந்து, மரத்துக்கு முன்னாலேயே நின்றது. செல்லமுத்துவின் மாட்டு வண்டி மணியாட்டிக்கொண்டு பின்னால் வந்து, அவர்களைத் தாண்டும்போது மெதுவாகியது.

"பாவம்," என்றான் செல்லமுத்து, மாட்டிடம் பேசுகிறவன்போல. "பர்மாவுல புல்லு இல்லாத சீமையில வளந்த வண்டி போல."

மலைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அன்றும் பழம் வீணாய்ப் போயிற்று.

இதற்கு மேல் அர்த்தனாரியால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றுக்காரன் ஊருக்குள் இருந்தால் கடையில் கையைப் பிடித்துக் கேட்கலாம். வெளியூரில் இருந்தால் போய்த்தான் கேட்க வேண்டும். பஸ் ஏறிச் சேலம் போனான். ராசு அன்று பொட்டலில் இல்லை, வீட்டில் இருந்தான். அர்த்தனாரி தெருவில் நின்றே ஆரம்பித்தான். கதவுகள் திறந்தன.

"மாட்டுக்குப் பல்லைத் தேய்ச்சு வயசைக் குறைச்சு வித்தவன், வண்டிக்கும் பல்லைத் தேய்ச்சு வித்துட்டியேடா!"

ராசு வெளியே வந்தான். "சத்தம் போடாதீங்க. என்ன ஆச்சு?"

"நிக்குது. போற எடமெல்லாம் நிக்குது."

"என் பொட்டல்ல இருந்து உங்க ஊருக்குப் போகையில நின்னுச்சுங்களா?"

"இல்ல."

"அப்ப உங்க ஊருக்குப் போன பொறகு நீங்க அதை என்ன பண்ணுனீங்க?"

நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்ததுதான் அர்த்தனாரிக்குப் பொறுக்கவில்லை. தப்பு செய்தவன் நியாயம் பேசினால் கோபம் இரட்டிப்பாகும் என்று அவன் நினைத்தான். அங்கே தப்பு செய்தவன் யார் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. குனிந்தான். ராசு வீட்டு வாசலிலேயே இரண்டு கை மண்ணை வாரினான்.

ராசுவின் முகத்தில் இருந்த தரகன் காணாமல் போனான். "வேண்டாமுங்க. ஊட்டுல புள்ளத்தாச்சி இருக்கறா. வண்டியத் திருப்பிக் கொண்டாங்க, பாத்துத் தாரேன். மண்ணை மட்டும் கீழ போட்டுருங்க."

"நாசமாப் போகோணும்!" என்று அர்த்தனாரி அந்த மண்ணை வாசலில் தூற்றினான். உள்ளே ஒரு பெண் 'ஐயோ' என்றது தெருவுக்குக் கேட்டது. மண்ணை வாரித் தூற்றுவது வார்த்தையால் திட்டுவது போன்றதல்ல. திட்டினதை மறுநாள் மறந்துவிடலாம். தூற்றின மண் விழுந்த இடத்தில் கிடக்கும். ராசு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டித் தள்ளவும் அவனுக்குத் துணிவு இல்லை.

மூன்றாவது சனிக்கிழமைதான் கடைசி. மரங்களில் பழம் தீரும் காலம். செல்லமுத்து சொல்லியனுப்பிவிட்டான்: 'இந்த வாட்டியும் அந்த வண்டியில ஏத்துனா, உப்பு வாங்கச் சேந்தமங்கலம் போய்க்கங்க.' மலையில் கூட்டம் கூடி இரண்டாகப் பிரிந்ததாம். "ஏத்தலாம்" என்று பாப்பாத்தி சொன்னதால் ஏற்றினார்கள். சொன்னவள் பேச்சு தோற்றால் ஊரில் அவளுக்கு வாயிருக்காது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பழம் ஏற்றும்போது வண்டியின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, "நின்னே, அவ்வளவுதான்," என்றாள். யாரும் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை.

அர்த்தனாரி முன்னால் உட்கார்ந்தான். சென்றாயனும் பாப்பாத்தியும் இன்னும் நாலைந்து பேரும் பழத்தின் மேல் உட்கார்ந்தார்கள். பின்னால் எட்டியும் எட்டாமலும் செல்லமுத்துவின் மாட்டு வண்டிகள் காலியாக வந்தன. செத்த மாட்டுக்கு மேலே வட்டமிடும்போதுகூடக் கழுகுக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்; செல்லமுத்துவுக்கு அதுவும் இல்லை.

புளியமரம் வந்தது. வண்டி அதைத் தாண்டியது. அர்த்தனாரி மூச்சை விட்டான். விட்ட மூச்சு முடிவதற்குள் வண்டி இருமியது, தும்மியது, நின்றது.

மாணிக்கம் இறங்கிச் சுற்றினான். சுற்றினான். உட்கார்ந்தான். பழத்தின் வாசனை சாலையெல்லாம் பரவியது. ஈக்கள் முதலில் வந்தன, செல்லமுத்து அடுத்து வந்தான். இறங்கித் துண்டை உதறினான். அர்த்தனாரியைப் பார்க்கவே இல்லை. நேராகச் சென்றாயனிடம் போய்க் கையை நீட்டினான்.

"வாங்க. கையக் குடுங்க."

சென்றாயன் இறங்கினான். தன் ஆட்களைப் பார்த்தான். வெடிக்கத் தொடங்கிய பழத்தைப் பார்த்தான். துண்டுக்குள் கையை விட்டான். முகம் கறுத்தது.

"என்ன, விரலையே புடிக்கல. நகத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கறே?"

"அதான் வெலை. இன்னுங் கொஞ்ச நேரம் போச்சுன்னா அதும் இல்ல," என்றான் செல்லமுத்து. "கூடவே சொல்லிப்போடறேன். அடுத்த வருசம் மொதல்லயே எங்கொட்டாய்க்கு வாரேன்னு இவுங்க எல்லார் முன்னாலயும் சொல்லீரு."

"செல்லமுத்து, இது அடுக்காது!" என்று அர்த்தனாரி பாய்ந்தான்.

"உம்பட வண்டியக் கெளப்பு. கெளப்பிக்கிட்டுப் பேசு."

அர்த்தனாரி மாணிக்கத்தின் மேல் பாய்ந்தான். "சுத்துடா!"

"கை தோளோட கழண்டுபோச்சுங்க. நீங்க சுத்துங்க."

"உன்னையக் கூலிக்கு வெச்சது சுத்தறதுக்குத்தானே?"

"ஓட்டறதுக்கு!"

"ராசுப் பய வித்தானே..."

"ராசுவையே சொல்லிக்கிட்டிருங்க!"

பாப்பாத்தி பழத்தின் மேலிருந்து இறங்கினாள். யாரும் கவனிக்கவில்லை. சாலையோரம் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை மறு கையில் எடுத்தாள்.

"ஏனுங்க செட்டியாரே, உங்க வண்டிக்கு வாய் எது?"

அந்தக் குரலில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் மாணிக்கம் எதைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொள்வான் என்று இரண்டு வாரமாகப் பார்த்திருந்தாள். டாங்கி மூடியிடம் போனாள்.

"தின்னுப்போட்டுத் தின்னுப்போட்டுப் படுத்துக்கற வாய்க்கு மண்ணுதான். எங்க வயித்துல அடிச்ச வாய்க்கு மண்ணுதான்!"

"பாப்பாத்தி! பெட்ரோல்!" என்று அர்த்தனாரி ஓடிவந்தான். அரிவாளின் முதுகு அரக்கில் விழுந்தது. முத்திரை சில்லாகத் தெறித்தது. அலகு இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது, துணி விழுந்தது. அவள் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு மூடியைப் பிடித்துத் திருகினாள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்' என்றது டாங்கி.

பாம்பு என்று நினைத்துச் சென்றாயன் துண்டோடு செல்லமுத்துவையும் இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தான். பாப்பாத்தி மண்ணைக் கையில் வைத்தபடியே நின்றாள். நீண்ட சத்தம், வெகு நேரம் அமுக்கி வைத்திருந்த வாய் காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

அர்த்தனாரி பாதி வழியில் நின்றுவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். மண்டியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் டின்னுக்கு ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வரும், நின்றுவிடும், பொறுத்தால் மறுபடி கொஞ்சம் வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் இதே சத்தத்தோடு காற்று உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் எண்ணெய் ஒழுங்காக இறங்கும். நடை பழகுவதற்கு முன்னால் கற்றுக்கொண்ட பாடம். பாப்பாத்தியின் கையிலிருந்த மூடியைப் பார்த்தான். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. காற்று போகவென்று செய்தவன் வைத்த துளை. அதற்குள் துணியில் ஊறி இறங்கிய அவனுடைய அரக்கு, கெட்டியாக, சிவப்பாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சுத்து," என்றான். "மாணிக்கம், சுத்து."

மாணிக்கம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றினான். இரண்டு மூன்று முறை வெறுமையாகச் சுற்றியது. பிறகு இஞ்சின் பிடித்துக்கொண்டது. பர்மாவிலும் அப்படித்தான் கத்தியிருக்கும்.

சென்றாயனின் கை இன்னும் துண்டுக்குள் இருந்தது. வெளியே இழுத்தான்.

"உள்ள விட்ட கையப் பேச்சு முடியாம எடுக்கக்கூடாது. வழக்கம் தெரியுமில்ல?" என்றான் செல்லமுத்து.

"நகத்தைத்தானே தொட்டே? அது அழுக்குப் புடிச்ச நகம். வெட்டிப்போடறேன்," என்றான் சென்றாயன்.

மாணிக்கம் மூடியை எட்டிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவனுக்கு வந்தது சந்தோஷம் அல்ல. "அன்னைக்கே சொன்னேன். தொறந்து பாக்கலாம்னு அன்னைக்கே சொன்னேன். திருடன்னீங்க."

"சொன்னியா?" பாப்பாத்தி அவன் பக்கம் திரும்பினாள். "ஒருக்காச் சொன்னே. திருடன்னதும் ரோசம் வந்து வாய மூடிக்கிட்டே. இவன் மூடிய மூடுனான், நீ வாய மூடுனே. உங்க ரெண்டு பேர் மானத்துக்கும் எங்க பழந்தான் கெடச்சுதா? தலையில தூக்கிக்கிட்டு எறங்குனமே, அந்தக் கழுத்து உங்களுக்கா வலிச்சுது?"

மாணிக்கம் ஹேண்டிலை எடுத்து வண்டிக்குள் போட்டான். பேசுவதற்கு இருந்த இடத்தையெல்லாம் அவள் அடைத்துவிட்டாள்.

அள்ளிய மண்ணைக் கீழே உதறினாள். முந்தானையில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் சுருட்டி டாங்கியின் வாயில் செருகினாள். மூடியை மடியில் கட்டிக்கொண்டு பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "போகட்டும்," என்றாள்.

நாமக்கல்லில் சந்தை நிறைந்திருந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பழத்தை வெட்டிச் சுளையைக் காட்டி, நேருக்கு நேராகக் கத்தி, துண்டு இல்லாமல் விற்றார்கள். பாப்பாத்திக்குக் கத்துவதற்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. செல்லமுத்துவிடம் வாங்குகிற உப்பையும் சீமெண்ணெயையும் அங்கேயே வாங்கிக் காலியான வண்டியில் ஏற்றினார்கள். திரும்பும்போது வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

காரவள்ளியில் எல்லோரும் இறங்கியதும் அர்த்தனாரி கையை நீட்டினான். "மூடியக் குடு அம்மிணி. அரக்கைச் சொரண்டிப் போட்டுக்கறேன்."

"மூடி எங்கூட்டுல இருக்கும்."

"எதுக்கு?"

"வழியில ராசு ராசுன்னு வைஞ்சுக்கிட்டே வந்தியே, அவன் ஊட்டு வாசல்ல மண்ணைத் தூத்துனேன்னியே, புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல. அவன் என்ன தப்பு பண்ணுனான்?"

அர்த்தனாரி வாயைத் திறந்தான். பர்மா, சிரிப்பு, மாட்டுப் பல் என்று எதையோ தேடினான்.

"எங்க பழம் உன் வண்டியில ஏறுது," என்றாள் பாப்பாத்தி. "உன் பாவமும் அதே வண்டியிலதான் ஏறும். நீ தூத்துன மண்ணை நீயே போயி, உன் கையால, அந்தப் பொம்பள பாக்க அள்ளிக்கிட்டு வா. கொண்டாந்து காட்டு. பொறவு மூடி."

"நான் சேந்தமங்கலத்து மண்டிக்காரன். அவன் தெருவுல குனிஞ்சு மண்ணு அள்ளறதா?"

"தூத்தறதுக்கு அள்ளறப்ப குனிஞ்சேதானே? அதே மாதிரிதான்."

உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையேறிவிட்டாள். மடியில் மூடி கட்டியிருந்தது.

திங்கட்கிழமை அர்த்தனாரி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "சேலம்," என்றான். மாணிக்கம் எதற்கு என்று கேட்கவில்லை. அதுவே பெரிய அவமரியாதையாக இருந்தது. டாங்கியின் வாயில் புடவைத் துணி. வழியெல்லாம் பெட்ரோல் நாறியது. ஒவ்வொரு மேட்டிலும் அர்த்தனாரி காதைத் தீட்டினான். இருமுமா என்று பார்த்தான். தும்முமா என்று பார்த்தான். ஒரு புளியமரத்தடியில், ஒரே ஒரு புளியமரத்தடியில், இந்தப் பாழாய்ப்போன வண்டி இன்றைக்கு நிற்கக்கூடாதா?

நிற்கவில்லை. ராசு வீட்டு வாசல்வரை ஒரே ஓட்டமாக ஓடியது. அதுதான் அவனுக்குப் பொறுக்க முடியாத ஆத்திரமாக இருந்தது.